சவுண்ட் கார்டுக்கு வைத்த சந்தனம்

இன்று காலை எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மகன் செல்வம், மருமகள் கீதா, அவள் அம்மா வசந்தா, பண்ருட்டியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து, பாட்டு போட்டால் போதும், கம்ப்யூட்டர் ஹேங் ஆகி அப்படியே நின்றுவிடும். பழி என் மேல்.

"சம்பந்தியம்மா தட்டிக்கினே இருந்தா அது என்னாத்துக்கு ஆவும்? இனிமே அது பக்கமே வுடாதீங்க" என்று வசந்தா அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள். அந்த நாற்காலியில் உட்காரவே எனக்குத் தடை.

இன்று மெக்கானிக் பெட்டியைத் திறந்து சவுண்ட் கார்டைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டு வீடியோ போட்டார். வீடியோ நிற்காமல் ஓடியது, சத்தம்தான் இல்லை.

"ஸ்பீக்கர் ஒயர் சொருகுற ஓட்டை பூரா சந்தனம் காஞ்சி கெடக்குது. கார்டு போச்சு. யாருங்க பூசினது?"

"மைன்ஸ்ல மிஷினுக்கெல்லாம் வெக்கிறாங்களேன்னு பின்னாடியும் வெச்சேன்" என்றாள் வசந்தா.

"பொட்டு நெத்தியிலதான் வெப்பாங்க சம்பந்தி. காதுக்குள்ள இல்ல" என்றேன்.

வசந்தாவை மன்னித்துவிட்டேன். தெரியாமல் செய்தாள்.

ஆனால் அவள் சந்தனம் வைத்தபோது பக்கத்தில் மணி ஆட்டிக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என்னைக் குற்றம் சொன்னபோது மாமியாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவன் ஒருவன் உண்டு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் பெயரைக் கீழே கமெண்ட்டில் போடுங்கள்.

என் வீட்டில் அவன் பெயர் செல்வம்.