நிலுவையில் ஒரு கடற்கரை

பதினெட்டு வயது நிரம்பாதவர் கொடுக்கும் விண்ணப்பம் காப்பாளர் கையெழுத்து இல்லாமல் செல்லாது. தபால்தலை குறைவாக ஒட்டிய வெளிநாட்டுக் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, இப்படிப்பட்ட விதிகளைக் காட்டிப் பலரைத் திருப்பி அனுப்பியவள் நான். ஆறாம் வகுப்பில் நான் போட்ட விண்ணப்பம் இந்த இரண்டு விதிகளின்படியும் செத்திருக்க வேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் அப்பா வாங்கிய பேரீச்சம்பழத்தை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். பிரித்தால் நீலக் கடல். கரை முழுக்க வரிசையாகக் கோடு போட்ட குடைகள். இத்தாலியில் மத்தியதரைக் கடலோரத்து விடுதி ஒன்றின் விளம்பரம். கீழே, நிரப்பி அனுப்ப ஒரு கூப்பன். பிசுக்கைத் துடைத்துவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். வருவோர்: மூன்று. மாதம்: மே, பரீட்சை முடிந்ததும். தனித் தேவைகள் என்ற கட்டத்தில் 'சைவம். காலையில் பால்' என்று எழுதினேன். வீட்டிலிருந்த உள்நாட்டுத் தபால்தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, அம்மாவின் புடவைகளில் எது கடற்கரைக்கு ஆகும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் உறை எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கே திரும்பி வந்தது. "மகாபலிபுரத்துக்கே இன்னும் கூட்டிட்டுப் போகல. இவ இத்தாலில பால் சொல்லி வச்சிருக்கா" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா. கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தார். காப்பாளர் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார். மறுநாள் மாலை மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு டைப்பிங் கடைக்கு என்னை அழைத்துப் போய், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை.

"என்ன சார், பாப்பா ஃபாரின் போகுதா?" என்றார் டைப் அடித்த அக்கா.

"இப்ப இல்லைங்க. இப்போதைக்கு பெண்டிங்."

அந்த ஒரு சொல் புரிந்தது. ஆபீஸில் பெண்டிங் அலமாரிக்குப் போன எதுவும் எழுந்து வந்ததில்லை என்று அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். என் கடலை அவர் அந்த அலமாரியில் போட்டுவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் கூப்பனில் கையெழுத்துப் போட்டு, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி, அதோடு அப்பா அனுப்பிய அந்தக் கடிதத்தின் கார்பன் நகல் அவர் காலத்துக்குப் பிறகு கிடைத்தது. 'விண்ணப்பதாரர் தற்போது மாணவி. படித்து முடித்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வருவார். அதுவரை விண்ணப்பத்தை நிலுவையில் வைக்க வேண்டுகிறேன்.' எங்கள் வீதியில் பெண்களின் படிப்புக் கோப்பைப் பத்தாவதோடு மூடுவதே நடைமுறை. அப்பா அதற்காக யாரிடமும் வாதாடியதில்லை. முகம் தெரியாத ஓர் இத்தாலியருக்கு எழுத்துமூலம் உறுதி கொடுத்துவிட்டார். எழுத்தில் கொடுத்ததை அவர் மீறுகிறவர் அல்லர். நான் பட்டம் வாங்கினேன்.

போன வருடம் என் பென்ஷன் பணத்தில் அங்கே போனேன். விடுதி இருந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. கரையில் மணல் இல்லை, கூழாங்கல்தான். நம் ஊரில் வெயிலைக் கண்டு ஓடுகிறோம். அங்கே நாற்காலி வாடகை கொடுத்து அதில் காய்கிறார்கள். நானும் கொடுத்தேன். ரசீது கேட்டு வாங்கினேன். நெடுநேரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் பொய் சொல்லவில்லை.

விடுதிக்காரர் அந்த வருடமே பதிலும் போட்டிருந்தார். மே போய், பள்ளி திறந்த பிறகு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கடிதம். 'விண்ணப்பம் கிடைத்தது. செல்வி வரும்வரை வைத்திருப்போம். கடைசித் தேதி கிடையாது.' அப்பா படித்துச் சொன்னார். அப்படியானால் இந்த வருடம் இல்லையா என்று கேட்டுவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அலுவலக வழக்கப்படி கடிதத்தின் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பெறப்பட்டது, ஜூலை 9.