மீட்பு எதிரில் இருக்கிறது

ஒரகடம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த அந்த அம்மையார், எந்தக் கேள்விக்கும் விடை கூறுமுன் அருகிலுள்ள டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நான் அறுபத்தெட்டாம் அகவையில் ஜீப் ஓட்டத் தொடங்கியவன். அது இன்னொரு முறை சேற்றில் புதைந்தால் விற்றுவிட வேண்டும் என்று துணைவியார் ஆணையிட்டிருந்தார்.

"அம்மையீர், எளிய விலையில் மீட்புக் கருவி கிடைக்குமா?" என்றேன்.

டயரை அழுத்தினார். "மீட்பா? சர்ச்சு எதிர்ல கீது சார்."

சேற்றுக் கதையைச் சொல்லி, மோட்டார் பூட்டிய இழுவைக் கயிறு வேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"புச்சா ஓட்றவருக்கு அது இன்னாத்துக்கு சார்? மாட்டிக்கினா டயர்ல பாதி காத்த எறக்குங்க, டயரு அகலமாயி சேத்துல புடிச்சுக்கும். வெளிய வந்ததும் அடிச்சுக்குங்க. காத்து பாக்குற மீட்டர் ஒண்ணு, சின்ன பம்பு ஒண்ணு. போதும்."

மறுநாள் வடக்குப்பட்டு அருகே சேற்றில் புதைந்தோம். ஜீப்பை யாருக்கு விற்கலாம் என்று துணைவியார் பெயர்களை அடுக்கத் தொடங்கினார். நான் இறங்கிக் காற்றை இறக்கினேன். புஸ்ஸென்ற ஒலி அடங்கியபின் வண்டியைக் கிளப்பினேன். அது யானைக்கன்றுபோல் அசைந்தசைந்து மேடேறியது.

"இன்னொரு முறை சேற்றில் இறக்குங்கள், பார்க்கலாம்!" என்று துணைவியார் கைதட்டினார்.

அந்த அம்மையார் என் சொல் விளங்காமல் தேவாலயத்தைக் காட்டினாரா, விளங்கியே காட்டினாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.