டிசம்பருக்குத் தாவிய வயது

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். மில்லுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். தொழிலாளர்களின் பிறந்த தேதிகளை அதில் அட்டவணையாகப் போட்டிருந்தேன். திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதியை எடுத்துக்கொண்டு எல்லோர் வயதையும் அதுவே புதிதாகக் கணக்கிடும். அந்தத் தலைக்கனத்தில் கொஞ்ச நாள் திரிந்தேன்.

ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொரி படைத்தோம். மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. அந்த இடைவெளியில், தேதியை நினைவில் வைத்திருக்கும் உள் பேட்டரி செத்துப்போயிற்று. அக்டோபர் பன்னிரண்டு காலையில் போட்டபோது, தேதி என்ன என்று என்னிடமே கேட்டது. 12-10 என்று அடித்தேன். நாம் அப்படித்தானே எழுதுவோம்.

மேனேஜர் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வுபெற வேண்டியவர்கள் பட்டியலைக் கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன். மதிய ஷிப்டுக்கு வந்த ஸ்பின்னிங் மேஸ்திரியை கேட்டிலேயே நிறுத்தி, உள்ளே போவதற்கான டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பரளச்சியிலிருந்து வருகிறவர். நவம்பர் இருபதுவரை தனக்கு வேலை உண்டு என்று என் ஜன்னலில் வந்து சொன்னார். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்றேன், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஷிப்ட் முடியும்வரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாராம்.

மறுநாள் காலையிலும் கம்ப்யூட்டர் தேதி கேட்டது. 13-10 என்று அடித்தேன். ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன், ஏற்கவில்லை. எரிச்சலோடு போன மாதப் பட்டியலை எடுத்து நேற்றையதோடு வைத்துப் பார்த்தேன். ஒரே மாத இடைவெளியில் மேனேஜர் உட்பட மில்லில் எல்லோருக்கும் மூன்று மாதம் கூடியிருந்தது. வயதைக் கணக்கிடும் சூத்திரம் இருந்தபடியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது: இந்த மெஷினுக்கு முதலில் வருவது மாதம். நேற்று நான் அடித்தது டிசம்பர் பத்து. பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால்தான் இன்று மாட்டிக்கொண்டேன்.

மேனேஜரிடம் போய் என் தவறுதான் என்று ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. டோக்கனை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். மேஸ்திரி முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"பள்ளிக்கூடத்துல சேக்கையில வாத்தியாரு அவுக இஷ்டத்துக்கு ஒரு தேதிய எழுதினாக. இப்ப நீங்க. ரெண்டு பேருமே என்னைய ஒரு வார்த்த கேக்கலையே, தம்பி."