லாடக்காரர் பங்கு பிரித்த கதை

நல்லேப்பிள்ளியில் மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்த குப்பண்ணனுக்குத் தன் சாமான்களைத் தானே பங்கு பிரித்துவிட வேண்டும் என்று ஆசை. எழுதிவைத்துவிட்டுப் போனால், வாங்குகிறவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியாதே! அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் தை மாதம், மூச்சு வாங்க ஆரம்பித்ததும், வேண்டியவர்களைக் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்து ஒவ்வொன்றையும் வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தார். அப்படிக் கொடுத்ததை அவர்கள் சாதிசனத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

பட்டறைக் கல்லும் உளியும் அண்ணன் மகன் காளிச்சாமிக்குப் போயின. அவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். சுத்தியல் பொங்கியண்ணனுக்கு. பொங்கியண்ணன் வெல்ல வியாபாரி, ஜன்மத்தில் ஓர் ஆணி அடித்தவரல்ல. ஆனால் இருபது வருடமாகக் குப்பண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர். சுத்தியல் வாங்க அந்தத் தகுதி போதும் போலிருக்கிறது.

மூலையில் ஒரு கயிறு கிடந்தது. பெண்டாட்டி சுப்பாத்தாளுக்கு அதுதான் மிச்சம்.

"அது உனக்குப் புள்ள. கெணத்துல தண்ணி எறைக்க ஆவுமல்லோ" என்றார் குப்பண்ணன்.

சுப்பாத்தாள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கிணற்றடிக்குப் போய் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழ மாட்டாளா? இருபது வருடமாக அந்தக் கயிற்றைக் கொண்டு மாட்டைக் கீழே தள்ளி, காலைக் கட்டி, அவருக்கு ஏந்திக் கொடுத்தவள் அவள். கடைசி ஒரு வருடம் அவர் கை நடுங்க ஆரம்பித்ததும், வண்டிக்காரர்கள் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து ஆணி அடித்ததும் அவள்தான். ஆள் வருகிற சத்தம் கேட்டால் சுத்தியல் அவர் கைக்குப் போய்விடும். புருஷன் பேர் கெடக்கூடாது என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்திலேயே இருந்த பொங்கியண்ணனோ ஊர்க்கதை ருசியில் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

குப்பண்ணன் போய்ச் சேர்ந்து பதினாறும் முடிந்தது. உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த தம்பி, "இங்கயே வந்துரக்கா, ஒரு வாய்ச் சோத்துக்கா பஞ்சம்?" என்று ஆள் சொல்லியனுப்பினான். நல்ல மனசுதான். ஆனால் தம்பி பெண்டாட்டி போடுகிற சோற்றுக்கு முகம் பார்த்து உட்கார சுப்பாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. லாடம் கட்டிப் பிழைக்க ஆசை. கையில் இருந்ததோ வெறும் கயிறு.

அந்த வாரச் சந்தையன்று காளிச்சாமி பெரியவன் மாதிரி கடை விரித்தான். இடம் அதே இடம், தார் ரோட்டோரத்து வேப்பமரம். சுத்தியலை இரவல் கொடுத்த பொங்கியண்ணன் அதற்குக் காவலாகக் கூடவே உட்கார்ந்துகொண்டார். ஆணியடிப்பதுதான் தொழில் என்று காளிச்சாமி நினைத்திருந்தான். அதற்கு முன்னால் மாடு படுக்க வேண்டும் என்பது முதல் மாட்டிடம் உதை வாங்கி ஓடைக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. மாட்டுக்குச் சொந்தக்காரர் நல்லமுத்து நேராகச் சுப்பாத்தாள் வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, செத்த வந்து மாட்டத் தள்ளிக் குடுங்க. பொள்ளாச்சிக்கு லோடு போவோணும்."

அவள் வந்தாள். காலில் சுருக்குப் போட்டு, முதுகுக்கு மேலே வாங்கி, ஓர் இழுப்பு. மாடு தூக்கம் வந்ததுபோலச் சாய்ந்தது. நாலு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் பொங்கியண்ணனிடம் கையை நீட்டினாள்.

"சுத்தியலக் குடுங்ணா."

"பொம்பள ஆணி அடிக்கறதா?" என்று நல்லமுத்து பதறினார். "குளம்புக்குள்ள உசுருச் சதையில பட்டா மாடு நொண்டிப்போயிருமுங்க!"

அத்தனை பெரிய மாட்டை ஒரு பொம்பளை உருட்டிப் போடலாமாம், அரை விரல் ஆணியைத் தொடக்கூடாதாம். சுப்பாத்தாளுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. சொன்னால் செத்தவர் மானம் போகும். விழுங்கிக்கொண்டு நின்றாள்.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஏப்பா நல்லமுத்து, போன தீவாளிக்கு உன் மாட்டுக்கு லாடம் அடிச்சது ஆருங்கற? இந்த அம்முணிதான். பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குக் கண்ணு பொட்டையா?" பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சுத்தியல உங்கிட்டக் குடுத்தா, தன் கை நடுங்குதுன்னு நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்லோ. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் குப்பண்ணன் என் தலையில கட்டிட்டான் தாயி."

சுத்தியல் அவள் கைக்கு வந்தது. அவளுக்குக் குப்பண்ணன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டுக்கும் அப்போது நேரமில்லை. குளம்பைச் சீவினாள், லாடத்தைப் பொருத்தினாள், ஆணியைச் சாய்த்து வைத்து அடித்தாள். காளிச்சாமி சேற்றோடு வந்து, "அடுத்தது இந்தாங்க சின்னம்மா" என்று ஆணி எடுத்துக் கொடுத்தான்.

கடைசி ஆணியும் இறங்கியதும் கட்டை அவிழ்த்தாள். மாடு எழுந்து உதறிக்கொண்டு தார் ரோட்டில் ஏறியது. சந்தைக்குப் போன ஆட்கள்கூட நின்று அதன் காலையே பார்த்தார்கள். சுப்பாத்தாள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். ஓர் அடி, இரண்டடி, பத்தடி. ஓர் அடிகூடப் பிசகவில்லை.

நல்லமுத்து வண்டியில் பூட்டியிருந்த இன்னொரு மாட்டையும் அவிழ்த்து, அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.