பத்தாவது ஆள்

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், சபையார் எல்லாரும் கோயிலில் உட்கார்ந்து சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் அம்மா வெள்ளைப்புடவையும் கையில் வேதப்புத்தகமுமாகத் தில்லி பஹாட்கஞ்ச் ஓட்டல்களில் ஏறி இறங்கி ஓர் ஆண்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடவே நானும். இதை இப்படி மொட்டையாகச் சொன்னால் ஊரிலிருக்கிற அத்தைமார் இன்றைக்கும் நெஞ்சில் கை வைத்துவிடுவார்கள். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத். வேதத்தில் வருகிற நாசரேத் இல்லை, திருச்செந்தூர் லைனில் வருகிற நாசரேத். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மத்திய சர்க்கார் வேலை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு எங்களுடையது. எங்களுக்கு நேர் மேலே ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த ஒரு மராட்டி அங்கிளும் ஆன்ட்டியும் இருந்தார்கள். பிள்ளைகள் கிடையாது. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பன்னிரண்டு நாள் எங்கள் மூன்று வேளைச் சாப்பாடும் மாடியிலிருந்துதான் இறங்கி வந்தது. அவர்கள் வீட்டு நிலைக்காலில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கூடு சாய்வாக அடித்திருக்கும். மராட்டிக்காரர்கள் வழக்கம்போலிருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ரொம்ப நாள் கழித்து ஏதோ பேச்சில்தான் ஆன்ட்டி சொன்னாள், அவர்கள் யூதர்கள் என்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யூதர் என்றால் வேதாகமத்தோடு தீர்ந்துபோனவர்கள் என்று நினைத்திருந்தேன். பரிசேயர், சதுசேயர், கல்லெறிகிற கூட்டம் எல்லாம் ஞாயிறு பள்ளிப் படங்களில் நீள அங்கி போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருத்தர் பனியனோடு மாடியில் நின்று துணி காயப்போடுவார் என்று யாராவது சொன்னார்களா? அப்பாவோ தலைகால் புரியாமல் ஆகிவிட்டார். அன்றிலிருந்து அங்கிள் படியிறங்கி வந்தால்கூட எழுந்து நிற்பார். ஒருநாள் ஆசையை அடக்கமுடியாமல், “ஜீ, மை நாசரேத் ஸே ஹூ(ன்)” என்று, தான் நாசரேத்துக்காரன் என அறிமுகம் வேறு செய்துகொண்டார். அங்கிளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோர்தான் நதி எவ்வளவு அகலம் இருக்கும் என்று அப்பா கேட்டபோது அங்கிள் பொறுமையாகப் பதில் சொன்னார், “பாய்சாப், நான் கொங்கண் பக்கத்து ஆள். எனக்குத் தாதர் ஸ்டேஷன்தான் தெரியும்.”

அந்த அங்கிள்தான் பெரிய வெள்ளி அன்று விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார்.

பத்து மணிக்குள் மாடி நிறைந்துவிட்டது. நிறைந்தது என்றால் குவார்ட்டர்ஸ்காரர்களால் நிறைந்தது. அவர்கள் ஆட்கள் என்று வந்தவர்கள் தொப்பி வைத்த ஒன்பது ஆண்கள், நாலைந்து பெண்கள். பம்பாயிலிருந்து முதல் விமானத்தில் வந்த அங்கிளின் தம்பியும் அந்த ஒன்பதில் சேர்த்தி. தில்லியில் அவர்கள் குடும்பங்களே கைவிரலுக்குள் அடங்கும். அதிலும் சிலர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும், அதற்குள் அடக்கம் முடியவேண்டும், நாலு மணிக்குக் கல்லறை என்று முடிவானது. அதெல்லாம் நடந்துவிடும். ஆனால் இறந்தவருக்காகச் சொல்கிற ஒரு ஜெபம் உண்டாம். அதைச் சொல்ல அவர்கள் ஆண்கள் பத்துப் பேர் நிற்கவேண்டும். ஒன்பது பேர் இருந்தால் அந்த ஜெபம் கிடையாது.

ஆன்ட்டி அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “முப்பது வருஷமா யார் வீட்டுச் சாவுன்னாலும் பத்தாவது ஆளா ஓடுவாரு. ஜுரத்தோட போயிருக்காரு. ஆபீஸ்ல லீவு போட்டுப் போயிருக்காரு. இவருக்கு ஒரு ஆள் இல்லையே, பெஹன்ஜி.”

அப்பா இதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். கவலையால் இல்லை, நிம்மதியால். “ஒரு ஆளுதான? இந்தா வாறேன்” என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர் அரைமணி நேரத்தில் எங்கள் பாடகர் குழுவிலிருந்து ஐசக் அண்ணனைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்கும் விஷயம் பாதிதான் தெரியும். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றார்.

அவர்களில் மூத்தவரான ஒரு தாத்தா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயர் கேட்டார்.

“ஐசக்.”

தாத்தாவின் முகம் மலர்ந்தது. “அப்பா பெயர்?”

“ஆபிரகாம்.”

ஒன்பது பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். இருக்காதா பின்னே! “தாத்தா பெயர்?”

“சுடலைமுத்து.”

ஒன்பது பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். பிறகு தாத்தா ஐசக் அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்து, வந்ததற்கு நன்றி, ஆனால் பிறப்பால் யூதனாக இருக்கவேண்டும் என்றார். அப்பா விடவில்லை. நாங்களும் ஆபிரகாமின் பிள்ளைகள்தான், காட்டு ஒலிவக் கிளையாக இருந்து நல்ல மரத்தில் ஒட்டுப்போடப்பட்டவர்கள்தான் என்று தன் ஆபீஸ் இந்தியில் ரோமர் நிருபத்தையே அவிழ்த்துவிட்டார். தாத்தா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “எங்க வேரு எங்களுக்கே பத்து கிளையைக் கொடுக்கலையே, பாய்சாப்” என்றார். இத்தனைக்கும் எங்கள் சபைப் பதிவேட்டில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, தாவீது, சாலொமோன் என்று ஒரு பஸ் நிறைய ஆள் உண்டு. அந்த ஒன்பது பேருக்கோ கடைசிப் பெயரெல்லாம் மராட்டிக்காரர்களைப்போலக் ‘கர்’ என்று முடிந்தது.

அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அன்று நாலாம் வார்த்தைக்கு அவர்தான் செய்தி கொடுக்கவேண்டும். கீழே வந்து கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, செருப்பப் போடு. பஹாட்கஞ்சுக்குப் போறோம்.”

“இன்னைக்குப் பெரிய வெள்ளி. ஆராதனைய விட்டுட்டு எங்க போற நீ?” என்றார் அப்பா.

“ஆண்டவரையும் வெள்ளிக்கெழம பொழுது சாய முந்திதான அவசர அவசரமா அடக்கம் பண்ணுனாவ? அதுக்கும் ஒருத்தரு ஓடியாடித்தான ஒடல வாங்குனாரு? நீங்க போயி அத வாசிங்க. நான் செஞ்சிட்டு வாறேன்.”

அப்பாவுக்கு எதிர்த்துப் பேச வாய் வந்தது, வசனம் வரவில்லை. அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு எதிரே யார் நின்றாலும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அன்றும் கழற்றிவிட்டாள்.

பஹாட்கஞ்ச் எங்களுக்குப் புதுசில்லை. ஊருக்கு ரயிலேறப் புதுதில்லி ஸ்டேஷன் போகும்போதெல்லாம் பார்க்கிற இடம்தான். அங்கே ஓட்டல் போர்டுகளில் பெட்டி பெட்டியாக ஓர் எழுத்து இருக்கும். அது எபிரேய எழுத்து, இஸ்ரேல் பிள்ளைகள் பட்டாளத்து வேலை முடித்ததும் ஊர்சுற்ற வந்து அங்கேதான் தங்குவார்கள் என்று எப்போதோ ஆன்ட்டி சொன்னதை அம்மா மறக்கவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கி முதல் ஓட்டலுக்குள் நுழைந்து, மேஜைக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்தவரிடம் நேராகக் கேட்டாள்.

“பையா, ஏக் யஹூதி சாஹியே.” ஒரு யூதர் வேண்டுமாம்.

அந்த மனிதர் அம்மாவின் வெள்ளைப்புடவையையும் வேதப்புத்தகத்தையும் என்னையும் பார்த்தார். வியாபாரி அல்லவா, அசரவில்லை. “மாடி முழுக்க அவங்கதான் மேடம். எத்தனை வேணும்?”

மாடியில் வெயிலில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் கிடந்தார்கள். ஒருவன் தலையில் ஆலம்விழுதாகச் சடை. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவன் தனக்குக் கடவுளே கிடையாது என்று கையை விரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்னொருவனுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த ஓட்டலில் இருந்த நாலு பேரும் பெண்கள். அவர்கள் பாவம், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா உபவாசம் என்று குடிக்கவில்லை. மூன்றாவது ஓட்டலில் நான் கால் வலிக்கிறது என்று சிணுங்கினேன். “கால் வலிச்சா வலிக்கட்டும், நட” என்றாள். மணி இரண்டரை ஆகியிருந்தது. அம்மாவின் உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஆள் கிடைக்காவிட்டால் அம்மா இப்படியே ராத்திரி வரை ஏறி இறங்குவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாலாவது ஓட்டலின் படியில் ஒரு பையன் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய தலை, காதில் கடுக்கன், சட்டையெல்லாம் ஓம் ஓம் என்று அச்சு. அம்மா மூச்சு வாங்க, ஆபீஸில் குறிப்பு எழுதுகிற அதே இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பெரியவர் காலமாகிவிட்டார், ஒன்பது நபர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு இடம் காலியாக உள்ளது, இன்று நாலு மணிக்குள் நிரப்பப்படவேண்டும்.

பையன் மெல்லுவதை நிறுத்தினான். நீங்கள் யூதரா என்று கேட்டான்.

“இல்ல. கிறிஸ்டியன்.”

“பிறகு அவர் உங்களுக்கு யார்?”

அம்மா யோசிக்கவேயில்லை. “மாடி வீட்டுக்காரர்” என்றாள்.

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். அம்மா ஒவ்வொன்றாக விசாரித்தாள். வயது இருபத்திரண்டு. மூன்று வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் மணாலிக்குப் போகிறான். மணி என்ன ஆகிறது என்று அம்மாவைக் கேட்டான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது தம்பி என்று தமிழிலேயே சொன்னாள்.

கல்லறையில் தாத்தா காத்துக்கொண்டிருந்தார். ஓம் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார்.

“அமித்.”

தாத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா பையனைப் பார்த்தாள். எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று அமித் இருந்தார்கள், மூன்று பேரும் பஞ்சாபிகள். இந்த அமித், தங்கள் ஊரிலும் அந்தப் பெயர் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அப்பா பெயர், தாத்தா பெயர் என்று தன் பாஷையில் கடகடவென்று ஏதோ சொன்னான். தாத்தா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தார். தள்ளி நின்றிருந்த ஆன்ட்டி அப்போதுதான், காலையிலிருந்து முதல்தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அப்பாவும் ஐசக் அண்ணனும் ஆராதனை முடிந்து நேரே அங்கே வந்திருந்தார்கள். எண்ணிக்கைக்கு ஆகாவிட்டாலும் பெட்டியைத் தூக்கும்போது தோள் கொடுத்தார்கள். அதற்கு யாரும் தாத்தா பெயர் கேட்கவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் பத்துப் பேரும் சேர்ந்து நின்றார்கள். அங்கிளின் தம்பி, மராட்டி எழுத்தில் எழுதிய ஒரு புத்தகத்தைப் பிரித்து அந்த ஜெபத்தை ஆரம்பித்தார். இரண்டு வரியில் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தான். மற்றவர்கள் எல்லாரும் புத்தகத்தில் விரல் வைத்து வாசித்தார்கள். இவன் கையில் புத்தகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடங்கலில்லாமல் சொன்னான்.

நடுநடுவே எல்லாரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு நேரம் ஒன்றும் புரியாமல் நின்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஐசக் அண்ணனும் அடுத்த ஆமெனைச் சேர்ந்து சொன்னார்கள். நானும் உரக்கச் சொன்னேன். நம்முடைய ஆமெனை இவர்கள் எப்போது கற்றுக்கொண்டார்கள், ஆன்ட்டிக்கு அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாளோ என்று பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா பையனை ஆட்டோவில் ஏற்றிவிடப் போனாள். ஆட்டோக்காரரிடம் அவள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டி வருஷாவருஷம் உண்டு. இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பதினைந்து நாள் உருப்போட்டும் நடுவில் விட்டுவிட்டு நான் அழுதுகொண்டு இறங்கிய வருஷம் அது. அந்த வேதனை எனக்கு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவனிடம் கேட்டேன், புத்தகம் பார்க்காமல் சொன்னாயே, எத்தனை தடவை சொல்லிப் பழகினாய்?

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணினான். நாலு விரலைக் காட்டினான்.

ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “எம்மா, நாலே தடவையில மனப்பாடம் பண்ணிட்டானாம்மா! நாலே தடவ!”

அம்மா ஆட்டோக்காரரிடம் பேசுவதை நிறுத்தினாள். திரும்பி அவனைப் பார்த்தாள். கிட்டே போய், அவனைவிட ஒரு முழம் குட்டையானவள், கையை உயர்த்தி அவன் தலையில் வைத்தாள். மூன்று வருஷப் பட்டாளத்தில் கூட இருந்த நாலு பேரின் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று அவன் அதைச் சொன்னவன் என்பது அம்மாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அவன் குழந்தையைப்போலத் தலையைக் குனிந்து கொடுத்தான். அம்மா எடுக்கும் வரை அசையவில்லை.

எனக்கு அன்று பொறாமைதான் வந்தது.