நாலு விரல் உயரம்

போன வாரம் காங்கேயத்தில் டீ குடிக்க நின்றபோது, தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டீசலும் தேங்காய் மட்டையும் கலந்த அந்த வாசனைக்குத் திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரை டிராக்டரோடு கோக்கும் வளையத்துக்கு அடியில், நாலு விரல் உயரத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. அது நான் செய்த தப்பு.

எனக்கு முதல் வேலை சூலூரில், சரோஜா அக்காவின் பட்டறையில். மாட்டுவண்டிக்கு அச்சு அடித்துக்கொண்டிருந்த இடத்தை டிரெய்லர் பட்டறையாக மாற்றியவர் அவர்தான். ரெடிமேடாக எதுவும் நிற்காது. தோட்டத்துக்கே போய், அவரவர் டிராக்டரின் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துவந்த பிறகே இரும்பை வெட்டுவோம். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பேச்சு. அந்த மூன்றாவது மாதத்தில்தான் காங்கேயத்துக்குத் தனியாக அளவெடுக்கப் போனேன்.

தோட்டக்காரர் உழவை நிறுத்திவிட்டு வந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவ்வளவு உபசரிக்கிற மனிதரிடம், வண்டியைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உழுத மண்ணில் சக்கரம் புதைந்து நிற்க, அப்படியே அளந்தேன். டேப்பை மட்டும் பெரிய இன்ஜினியர் மாதிரி இரண்டு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

டிரெய்லர் போய் ஒரு வாரத்தில் போன் வந்தது. "வண்டி அருமைங்க. தேங்கா மட்டும் பின்னால எறங்கிக்குதுங்க."

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையாக யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சக்கரம் புதைந்திருந்ததால் கொக்கியின் உயரம் குறைவாக அளவாகி, டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டுவிட்டது. உழவுக் காட்டில் அளந்ததை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. வெல்டிங் செட்டோடு என்னையும் கூட்டிப்போய், தோட்டக்காரர் முன்னால் நிறுத்தி, நீயே சொல் என்றார்.

சொன்னேன். தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க அளக்கறப்பவே நெனச்சனுங்க, வண்டி பொதஞ்சு நிக்குதேன்னு. படிச்சவரு அளக்கறப்ப நாம எப்புடிங்க சொல்றது?"

அக்கா சிரித்து அடங்க வெகு நேரமாயிற்று. பிறகு மோட்டார் ரூமிலிருந்து கரண்டு எடுத்து, வளையத்தை அறுத்து, அடியில் துண்டு வைத்து அவரே பற்றவைத்தார். திரும்பும் வழியில், "எல்லாத்துக்கும் மரியாத பாரு கண்ணு, அளவுக்கு மட்டும் பாக்காத. நாளைக்குப் பெருந்துறைல ஒரு அளவு இருக்குது, போயிட்டு வந்துரு" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பிறகு கல்யாணத்தன்றுதான் வந்தது.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் பேக்கரி. டிரெய்லர்கள் ரெடிமேடாகவே வந்து நிற்கின்றன. கொக்கியை அளக்க யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை, இளநீரும் கிடையாது. டீயை முடித்துவிட்டு அந்த டிரைவரிடம், இது என்ன துண்டு என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"அது கம்பெனி மாடலுங்க. இப்ப வர்ற வண்டில இதெல்லாம் எங்கீங்க?"

அவ்வளவு பெருமையாகச் சொன்னவரிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.