அவருடைய இடது கை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்து நாற்காலிகளைத் துடைப்பது கண்ணாடிக்காரம்மாவின் வேலை. முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் கூடம், கடைசியில் பட்டறை. பட்டறையில் லென்ஸ் தேய்க்கிற சக்கரம் வாரம் பூராவும் கிளப்பிவிடுகிற வெள்ளைத் தூள் கூடத்தில் ஒரு பொருளையும் விட்டுவைக்காது. ஈரத்துணியால் துடைத்தால் குழைந்து அப்பிக்கொள்ளும். பிறகு காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். இந்தக் கூடத்தில் நடக்கிற கிளைக் கூட்டத்துக்கு வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் கறுப்பு பேன்ட் போடுகிறவர்கள். ஒருமுறை அவர்களில் ஒருவரான காண்ட்ராக்டர் பின்பக்கம் இரண்டு வெள்ளை வட்டங்களோடு கடைத்தெரு முழுக்க நடந்துபோய்விட்டு, அடுத்த கூட்டம் வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முன்கடையில் உட்கார்ந்து கண் பரிசோதித்து, "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்வது கணவர். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது அவள். மாமனார் கற்றுக்கொடுத்த தொழில். கடைக்கு வருகிறவர்களில் பலருக்குப் பட்டறையில் ஓர் ஆள் இருப்பதே தெரியாது. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

கட்சி அவளுக்குப் புருஷன் வழியாக வந்ததல்ல. கல்யாணமான புதிதில் ஊரில் ஒரு கடையடைப்பு நடந்தது. திறந்திருந்த கடைகளை உடைத்துக்கொண்டே ஒரு கும்பல் வந்தது. கண்ணாடிக்கடையில் உடைப்பதற்கா பஞ்சம். கணவர் வெளியூர் போயிருந்தார். ஷட்டரை இறக்கப் போனவளை, எதிரே பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் வந்து தடுத்தார். கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான். "இறக்காதம்மா. உன் கடை, உன் இஷ்டம். இவனுங்க யாரு சொல்றதுக்கு?" என்று வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கும்பல் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிற்று.

எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மாற்றக்கூடாது, இருப்பதைப் பத்திரப்படுத்திக்கொண்டுதான் புதிதைத் தொடவேண்டும், குடும்பம் நிமிர்ந்து நின்றால் தெரு நிமிர்ந்து நிற்கும் என்பதையெல்லாம் கட்சி சொல்வதற்கு முன்பே அவள் நம்பியிருந்தாள். கட்சியும் அதையே சொன்னபோது, நம்ம ஆட்கள் என்று தோன்றிற்று. அந்த வருஷமே உறுப்பினராகச் சேர்ந்தாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாசல் வாசலாகப் போய்ப் பேசுகிறவள் அவள்தான். ஆண்கள் நோட்டீஸைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுவார்கள். அவள் கதவைத் தட்டி, உள்ளே போய், தண்ணீர் வாங்கிக் குடித்து, "எங்க கட்சி குடும்பத்தை மதிக்கிற கட்சிங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நெளிவும் இருக்காது.

கிளையில் இரண்டு கை தூக்கும் முறை அவளால்தான் வந்தது. மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கூட்டத்தன்று அவனுக்குக் காய்ச்சல். பட்டறையில் மடியில் போட்டுக்கொண்டிருந்தவள், "என் கையையும் சேர்த்து நீங்களே தூக்கிடுங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் கூடத்தில் இரண்டு கையையும் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் காண்ட்ராக்டரும் இரண்டு கையைத் தூக்கினார். பிறகு மனைவியைக் கட்சியில் சேர்த்துவிட்டிருந்த எல்லோரும் தூக்கினார்கள். வலது கை தனக்கு, இடது கை வீட்டுக்காரிக்கு. பக்கத்துக் கிளைக்காரர்கள் இதைக் 'கண்ணாடிக்கடை முறை' என்று கேலி செய்தார்கள். மூத்தவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. இடது கை மட்டும் கீழே இறங்கவே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாதாரணக் கூட்டமல்ல. தேர்தலில் தோற்ற கட்சித் தலைவர் பதவி விலகிவிட்டார். அடுத்து யார் என்று ஒவ்வொரு கிளையும் சாயங்காலத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனில் சொல்லவேண்டும். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் மேடையில் வெளுத்துவாங்குகிறவர். கட்சிக்குள் அவருக்கு 'மைக்' என்றே பெயர். இன்னொருவர் முன்பு மந்திரியாக இருந்த அம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதிகம் பேசாதவர். அவரை எல்லோரும் 'அந்தம்மா' என்றார்கள்.

பட்டறை மூலையில் இருந்த அடுப்பில் கண்ணாடிக்காரம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் தம்ளர்களைக் கழுவினாள். நாத்தனாரின் கணவர் மருந்துக்கடைக்காரர். அவரும் இதே கிளை. கூடத்துப் பேச்சு கதவில்லாத வாசல் வழியாகத் தெளிவாகவே கேட்டது.

"மைக் பேசினார்னா எதிர்க்கட்சிக்காரனே கைதட்டுறான்" என்றார் காண்ட்ராக்டர்.

"கைதட்டுறான் சரி, ஓட்டுப் போடுறானா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்தம்மா இருந்தப்ப ஒரு புகார் உண்டா?"

"அந்தம்மா சிரிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

"சிரிப்புக்குத்தான் ஓட்டுன்னா, பல்பொடி விளம்பரத்துல வர்றவனைத் தலைவராக்கிடுங்க."

சிரிப்பு அடங்கியதும் கணவரின் குரல் வந்தது. "அது இல்லப்பா விஷயம். அவங்க நல்லவங்கதான். ஆனா குடும்பம் நடத்தாதவங்க. குடும்பம் குடும்பம்னு பேசுற கட்சிக்கு அவங்க எப்படிப் பொருந்துவாங்க?"

கண்ணாடிக்காரம்மா வடிகட்டியைத் தம்ளர் மேலேயே வைத்துவிட்டு நின்றாள். மைக், பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வீட்டைக் காலிசெய்துகொண்டு வேறொருத்தியோடு போனவர். ஊர் உலகத்துக்கே தெரிந்த கதை. அவருடைய பிள்ளைகளை இன்றைக்கும் மாமியார்தான் வளர்க்கிறாள்.

"கேட்டியா உங்க அண்ணன் பேச்சை?" என்றாள்.

"விடுங்க அண்ணி. எனக்கும் மைக்தான் பிடிச்சிருக்கு" என்றாள் நாத்தனார். "என்ன உசரம். டிவியில வந்து நின்னாலே ஒரு எடுப்பு."

"உன் வீட்டுக்காரர் அந்தம்மாவுக்குன்னு பேசிட்டிருக்காரே?"

"அவர் பேசட்டும். என்னை யாரு கேட்டா?"

கண்ணாடிக்காரம்மா டீயை வடிகட்டி முடித்தாள். தம்ளர்களைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். போன நேரத்தில் டைம்கீப்பர் எழுந்து நின்று, "சரி, மைக்குக்கு யார் யார்?" என்றார். காண்ட்ராக்டர் இரண்டு கையைத் தூக்கினார். இன்னும் சிலர் தூக்கினார்கள். அவள் கணவர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை மேலே போயிற்று. இடது கையும் போயிற்று.

டைம்கீப்பர் எண்ணினார். அந்தம்மாவுக்குக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையைத் தூக்கினார். "ஒரு கை வித்தியாசத்துல மைக்" என்றார் டைம்கீப்பர்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் கண்ணாடிக்காரம்மா. தட்டை வைக்க இடம் தேடினாள். யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. கடைசியில் டைம்கீப்பர் எழுந்து நின்றதால் காலியாக இருந்த நாற்காலியிலேயே வைத்தாள். "என் கையை நான் தூக்கலையே. நான் அந்தம்மாவுக்கு."

கணவர் திரும்பிப் பார்த்தார். "என்ன இது?"

"நீங்க தூக்குனது என் கை. நான் இங்கதான் நிக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இத்தனை வருஷம் கேட்டா தூக்குனேன்?"

"இத்தனை வருஷம் நமக்குள்ள ஒரே பேச்சா இருந்துச்சு. இன்னிக்கு இல்ல." அவள் டைம்கீப்பர் பக்கம் திரும்பினாள். "டெப்போவில இருந்தவர் நீங்க, சொல்லுங்கண்ணே. பாதி வழியில பஸ்ஸை விட்டுட்டு எறங்கிப்போன டிரைவருக்கு மறுபடி வண்டி குடுப்பீங்களா? வண்டியே ஓட்டாதவங்களைப் பத்தி இங்க இவ்வளவு கவலை."

யாரோ கனைத்தார்கள். "நல்லாக் கேட்டே தங்கச்சி" என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்தக் கை இந்தப் பக்கம் வந்தா அந்தம்மாதான் ஜெயிக்கிறாங்க. எழுந்திருங்க மச்சான், கையை மாத்துங்க."

கண்ணாடிக்காரம்மா அவரைப் பார்த்தாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஆள் ஜெயித்திருப்பார். "உங்க இடது கையும் யாருதுன்னு கேட்டுக்கங்கண்ணே" என்றாள். "உங்க வீட்டுக்காரி மைக்குக்குன்னு இப்பத்தான் சொன்னா."

பட்டறை வாசலில் ஈரக்கையோடு நின்ற நாத்தனாரை எல்லோரும் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்கு என்னங்க தெரியும். அவர் தூக்குனா சரிதான்" என்றாள். மருந்துக்கடைக்காரர் முகம் கடுகடுத்தது.

டைம்கீப்பருக்கு மட்டும் சிரிப்பு வந்தது. "ரெண்டு கையும் இடம் மாறினா கணக்கு பழையபடிதான் வருதும்மா. மறுபடி மைக்தான். எதுக்கு வீணாக் குழப்பிக்கிட்டு?"

"கணக்கு அதேதாண்ணே. நான் தோத்துட்டுப் போறேன். எதிர்த்துக் கை தூக்கினேன்னு மட்டும் இருக்கட்டும். நாளைக்கு வாசல் வாசலா நிக்கப்போறது நான். 'கட்டினவளை நட்டாத்துல விட்டவனுக்கா ஓட்டுக் கேக்குறே'ன்னு ஒரு பொம்பளை கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கட்சி முடிவு பண்ணிடுச்சுன்னாவது சொல்லணும். இப்ப அதுக்கும் வழியில்ல. நானே கை தூக்கினதா ஆகுது."

"ஒரே வீட்டுல ரெண்டு கருத்துன்னு வெளிய தெரிஞ்சா கட்சிக்கு நல்லதில்லம்மா" என்றார் டைம்கீப்பர். கடை அவள் இஷ்டம் என்று அன்றைக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அதே மனிதர். "முறைன்னு ஒண்ணு இருக்கு. நீயே ஆரம்பிச்சு வெச்சதுதானே?"

"ஆமா. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் சொன்னேன். அவனுக்குக் காய்ச்சல் எப்பவோ போயிடுச்சு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கைகள் இரண்டும் இப்போது மடியில் இருந்தன. இடது கை என்னுடையதல்ல, அவளுடையது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இங்க வேணாம். வீட்ல பேசிக்கலாம்" என்றார் அவர்.

கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. காண்ட்ராக்டர் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, "டீ ஆறுது" என்றார். டைம்கீப்பர் போனை எடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாகச் சொன்னார்: "நம்ம கிளையில மைக்தாங்க. ஆமாங்க. ஒருமனதா."

கண்ணாடிக்காரம்மா பட்டறைக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சக்கரத்தை ஓடவிட்டாள். ஒரு கிழவருக்குச் செய்யவேண்டிய லென்ஸ் பாக்கி இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. காலி நாற்காலிகளை யாரோ இழுத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் காலித் தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு வந்து, அதைக் கழுவுகிற இடத்தில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தட்டைத் தூக்கி அவள் பார்த்ததில்லை.

"அடுத்த கூட்டத்துல நீயே வந்து உக்காரு. நான் ஒரு கைதான் தூக்குவேன். போதுமா?" என்றார்.

அவள் லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சில்லும் பெயர்ந்திருக்கவில்லை.

"அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி மைக் பேர்ல நோட்டீஸைக் குடுத்து என்னை வாசல் வாசலா அனுப்புவாங்களே" என்றாள். "அப்ப நான் என்ன சொல்லணும்?"

"அதையெல்லாம் இப்பவே எதுக்கு…"

"சரி, அது கிடக்கட்டும். அவர் போன்ல ஒருமனதான்னு சொன்னாரே. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. 'என் பொண்டாட்டி எதிர்த்தா, அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களை என்ன தடுத்துச்சு?"

அவர் ஒரு தம்ளரை எடுத்து அதன் அடியில் ஒட்டியிருந்த டீத்தூளைப் பார்த்தார். குழாயைத் திறந்தார், பிறகு மூடினார்.

அவள் சக்கரத்தை நிறுத்தினாள். அது சுற்றி ஓயும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, அவரைத் தாண்டி வெளியே போனாள்.